வாங்கிப் போனவர் பெயர் என்ன?

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தை, அருவி என்று மாதிரிகளை அடுக்கிய அந்தக் கனத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, நகை அடகுக் கடை, பலகாரக் கடை என்று சின்ன அளவில் தொழில் செய்கிற பலர் விளம்பரத்துக்கு என்று ஆண்டில் ஒருமுறை பணம் எடுத்து வைப்பது இதற்குத்தான். அந்தச் செலவு வீண் போவதும் இல்லை. ராகு காலம் பார்க்கவும் தாள் கிழிக்கவும் வீட்டில் யாராவது தினமும் அதன் முன்னால் போய் நிற்கிறார்கள். கடையின் பெயரும் போன் நம்பரும் அங்கேயே இருக்கின்றன.

ஆர்டர் எடுக்கும்போது ஏஜெண்ட் கேட்பார்: "எத்தனை அடிக்கணும் அண்ணாச்சி?" கடைக்காரர் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டார். மேலத்தெருவில் யார் யார், ரயில்வே காலனியில் யார் யார், கல்யாணத்துக்குப் பலகாரம் எடுத்தது எத்தனை வீடு என்று மனதுக்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்து, "முந்நூறு போடுங்க" என்பார். ஒவ்வொரு காலண்டரும் எந்த வீட்டுக்குப் போகப் போகிறது என்று அவருக்குத் தெரியும். கடையின் கதவு, அடுப்பு, தராசு எல்லாவற்றையும்விட அந்த முந்நூறு வீடுதான் அவருடைய சொத்து.

சிறுதொழிலில் விற்பனையைப் பெருக்குவது பற்றி எழுத உட்கார்ந்தால் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இந்த எண்ணிக்கைதான். உங்களிடம் வாங்குகிறவர்கள் யார், எத்தனை பேர், அவர்களை இன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டுப் பேச உங்களால் முடியுமா? முடியும் என்கிறவருக்கு வேலையில் பாதி முடிந்தது. முடியாது என்கிறவர் எவ்வளவு விளம்பரம் செய்தாலும் ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முடியாது என்று சொல்கிறவர்கள் பெருகிக்கொண்டே வருகிறார்கள்.

மார்க்கெட்டிங் என்றாலே இன்று ரீல்ஸ் போடுங்கள், உணவு வீடியோ எடுப்பவரைக் கூப்பிடுங்கள், நூறோ இருநூறோ கட்டி விளம்பரத்தை பூஸ்ட் செய்யுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வீடியோ ஓடினால் கூட்டம் வருவது உண்மை. ஆனால் பலகாரக் கடையில் அந்தக் கூட்டம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு அடுப்பில் ஓடிய கடை நாலு அடுப்பாகிறது. கை தேர்ந்த மாஸ்டர் ஒருவர்தான், மற்ற இரண்டு அடுப்பில் புதுப் பையன்கள். பதினொரு மணிக்கே சரக்கு தீர்ந்துபோய், இருபது வருடமாக வருகிறவர் வெறுங்கையோடு திரும்புகிறார். இரண்டு தடவை இப்படி ஆனால் அவரும் மூன்றாவது தடவை வர மாட்டார். நாலைந்து வாரத்தில் வீடியோ கூட்டம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. அப்போது பழைய ஆளும் இல்லை, புது ஆளின் பெயரும் தெரியாது. வந்த ஆயிரம் பேரில் இருபது பேருடைய நம்பரையாவது வாங்கி வைத்திருந்தால் அந்த வீடியோவுக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

பலகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தென் மாவட்டங்களில் இதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடிகிறது. சாத்தூர் என்றால் சேவு, கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, தூத்துக்குடி என்றால் மக்ரூன், உடன்குடி என்றால் கருப்பட்டி. இங்கே ஊரே விளம்பரம். ரயில் நின்ற நேரத்தில் ஜன்னல் வழியாக விற்றே மணப்பாறை முறுக்கு பெயர் வாங்கியது. அந்தப் பெயர்களில் சிலவற்றைக் காக்கப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல், மணப்பாறை முறுக்குக்கு 2023இல். "ஒரு நிலையம் ஒரு பொருள்" என்று ரயில் நிலையங்களில் அந்தந்த ஊர்ச் சரக்குக்குக் கடை வைக்கும் திட்டம் 2022 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஊர்களில் தனித்தனிக் கடைக்காரரைக் கேட்டால் வியாபாரம் ஏறியதாகச் சொல்வோர் குறைவு.

காரணம் எளிது. குறியீடு ஊருக்குக் கிடைத்தது, கடைக்குக் கிடைக்கவில்லை. கரிசல் நிலத்துக் கடலை, பதமாகக் காய்ச்சிய வெல்லப்பாகு, மேலே தூவிய வண்ணத் தேங்காய்ப்பூ என்று கோவில்பட்டி மிட்டாய்க்கு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இலக்கணப்படி செய்கிறவரும் அதே பெயரை அட்டையில் அடிக்கிறார். எங்கோ செய்து நெடுஞ்சாலையில் தொங்கவிடுகிறவரும் அடிக்கிறார். வாங்குகிறவருக்கு இரண்டும் "கோவில்பட்டி மிட்டாய்"தான். குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்த ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகவே குறைத்தார்கள். தன் கடைப் பெயரைத் தனி வணிக முத்திரையாகப் பதிய, சிறுதொழில் செய்பவர் ஆன்லைனில் கட்டுவது ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு. இரண்டையும் செய்துவிடுவது நல்லது. அதற்குமேல் இதில் சொல்ல அதிகம் இல்லை. முத்திரை போலியைத் தடுக்க உதவும். வாங்கிப் போனவரைத் திரும்ப அழைத்து வராது.

அவர் திரும்பி வருவது எப்படி? முன்பெல்லாம் கடைக்காரர் முகத்தை வைத்தே கண்டுபிடிப்பார். "என்ன மதினி, போன வாரம் ஆளையே காணோம்? மருமகப்பிள்ளை வந்திருந்தாரோ?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் விசாரிப்பும் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்ற கணக்கும் இருக்கிறது. கூடவே பற்று நோட்டு. யார் வீட்டில் மாதம் எவ்வளவு எடுக்கிறார்கள், எந்தத் தேதியில் பணம் தருவார்கள், எந்த மாதம் கை இறுக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். தீபாவளிக்குப் பலகாரச் சீட்டு பிடிக்கிற கடைகளில் சீட்டு அட்டை போடும்போதே ஒரு வருட வாடிக்கை உறுதியாகிவிடும். (சீட்டுப் பிடித்து ஏமாற்றிய கதைகளும் உண்டு. கட்டுகிறவர்கள் கடையை விசாரித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.) யாரும் இவற்றை மார்க்கெட்டிங் என்று சொன்னதில்லை. ஆனால் பெயர், வீடு, வாங்கும் பழக்கம் மூன்றும் கடைக்காரரின் கையில் இருந்தன.

இன்று அவை எங்கே இருக்கின்றன?

முதலில் கல்லாவைப் பார்ப்போம். க்யூஆர் அட்டை வந்தபின் சில்லறைத் தொல்லை தீர்ந்தது, பெரிய உதவி. ஆனால் பேச்சும் குறைந்தது. வாடிக்கையாளர் போனைக் காட்டிவிட்டு நகர்கிறார், மேஜை மேல் இருக்கும் பெட்டி "இருநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. கொடுத்தது யார், ஊருக்குப் புதியவரா, மாதா மாதம் வருகிறவரா, பெட்டிக்கு அது வேண்டாத விஷயம். கடைக்காரருக்கு வேண்டிய விஷயம். சில்லறை எண்ணித் தந்த அரை நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை இப்போது தனியாக முயற்சி எடுத்துத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது டெலிவரி செயலிகளும் ஆன்லைன் சந்தைகளும். இங்கேதான் எனக்கு உண்மையான பயம். செயலி வழியாக ஒரு பெட்டி பலகாரம் விற்றால் பில்லில் ஒரு பங்கு கமிஷனாகப் போகிறது. உணவுத் தொழிலில் அது பல இடங்களில் கால்வாசியைத் தொடுகிறது. 400 ரூபாய்ப் பெட்டிக்குக் கால்வாசி என்றால் 100 ரூபாய். முன்பின் தெரியாத ஓர் ஆளை உங்கள் கடைக்கு அழைத்து வந்ததற்கான கூலி என்று நினைத்தால் அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே ஆள் அடுத்த மாதமும் அதே பெட்டியை வாங்குகிறார். மறுபடி 100 ரூபாய். பத்தாவது முறையும் 100 ரூபாய். கல்யாணத் தரகர்கூட ஒரு கல்யாணத்துக்கு ஒருமுறைதான் கமிஷன் வாங்குகிறார். இங்கே ஒரே வாடிக்கையாளரை உங்களுக்கே பத்துத் தடவை விற்று 1,000 ரூபாய் எடுத்துவிடுகிறார்கள்.

பணம் போவதுகூட இரண்டாம்பட்சம். அந்தப் பத்து முறையிலும் அவர் பெயரும் நம்பரும் உங்களுக்கு வருவதில்லை, அல்லது மறைத்தே வருகிறது. அவர் உங்கள் முறுக்கைப் பிடித்துப்போய் வாங்குகிறாரா, தள்ளுபடிக்காக வாங்குகிறாரா, போன முறை உப்பு கூடிவிட்டதா, ஒன்றும் தெரியாது. அவரைப் பற்றிய எல்லாம் செயலியிடம் இருக்கிறது. நாளை பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே முறுக்கைப் பத்து ரூபாய் குறைத்துப் போட்டால், உங்கள் வாடிக்கையாளரின் திரையில் முதலில் தெரிவது அவர் கடைதான். 2019 ஆகஸ்டில் நாட்டின் பல நகரங்களில் ஓட்டல்காரர்கள் சலுகைச் செயலிகளை விட்டு வெளியேறும் போராட்டம் நடத்தியபோது, ஓயாத தள்ளுபடியோடு சேர்த்து, வாடிக்கையாளர் விவரத்தை எங்களிடமிருந்தே மறைக்கிறீர்கள் என்பதும் குறையாகச் சொல்லப்பட்டது. வழக்கறிஞரும் கணக்காளரும் வைத்திருக்கிற பெரிய ஓட்டல்களுக்கே அந்த நிலைமை என்றால், ஒற்றை அடுப்பு வைத்து அதிரசம் சுட்டு அனுப்பும் பெண்மணி யாரிடம் போய்க் கேட்பார்?

செயலி இல்லாவிட்டால் இளைய தலைமுறையை எட்டவே முடியாது, வெளியூர் விற்பனையும் நடக்காது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. முதல் அறிமுகத்துக்கு அது ஒரு வாசல் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த வாசலையே வீடாக்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

மீள வழி உண்டா என்றால், உண்டு, அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. வழி உங்கள் பொட்டலத்திலேயே இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் இவ்வளவும் அட்டையில் இருக்க வேண்டும். எல்லோரும் அச்சிடுகிறார்கள். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், மடிப்புக்கு அடியில். சட்டத்துக்காக அடித்த அந்த நம்பரை வியாபாரத்துக்காக அடித்துப் பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிவது ஒரு சின்னத் தாளாக இருக்கட்டும். "அடுத்த தடவை நேரே எங்களிடம் கேளுங்கள், இந்த நம்பரை உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்" என்று நாலு வரி, பெரிய எழுத்தில். செயலி வழியாகப் போகும் பெட்டிக்குள் இப்படித் தாள் வைக்கலாமா என்பது அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையிலும் ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்கிற பெட்டிக்கு எந்தத் தடையும் இல்லை.

பதிந்துகொள்ளச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல கடைக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவர் நம்பரை வைத்திருப்பது போதாது. 'நூற்றுக்கணக்கான பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடவில்லை' என்று மனம் உடைந்து விட்டுவிட்டவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அனுப்பியது போகவே இல்லை. ஆகவே கல்லாவில் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்று. பில் போடும்போது, "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கங்க, தீபாவளிக்கு முன்னால என்னென்ன போடுறோம்னு சொல்றோம்" என்று கேட்டு, அவர் போனில் அப்போதே பெயரோடு பதியவைப்பது. என்ன பெயரில் பதிகிறார் என்பதையும் கவனிக்கலாம். "முறுக்கு அண்ணாச்சி" என்று பதிந்தால் பதினைந்து நாள் கழித்து முறுக்கு நினைவு வரும்போது உங்கள் பெயர்தான் திரையில் வரும்.

பதிந்தபின் அடிக்கடி அனுப்பினால் எல்லாம் பாழ். காலை வணக்கம், பூப்படம், பண்டிகை வாழ்த்து என்று அனுப்புகிற கடையை ஒரு வாரத்தில் பிளாக் செய்துவிடுவார்கள். சரக்கின் போக்குக்கு ஏற்பத்தான் பேச வேண்டும். பால்கோவா சில நாள் பண்டம், அன்று காலையில் கிண்டியதை அன்றே சொல்ல வேண்டும், அதுவும் உள்ளூர்க்காரருக்கு. கடலை மிட்டாய் தாங்கும், வெளியூர்ப் பார்சலுக்கு ஏற்றது. கருப்பட்டிக்குப் பருவம் இருக்கிறது. பதநீர் இறங்கிக் காய்ச்சத் தொடங்கும் கோடையில் "புதுக் கருப்பட்டி வந்துவிட்டது" என்ற ஒரே வரியை, அதைப் போன வருடம் வாங்கியவருக்கு அனுப்பினால் போதும். அந்த வரியை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. பிரசவ லேகியத்துக்கு, சுக்குக் காப்பிக்கு, சர்க்கரையை விட்டுவிட்டவருக்கு என்று ஒவ்வொருவர் வாங்கும் காரணமும் வேறு. காரணத்தையும் பெயரோடு சேர்த்து எழுதி வைத்தவருக்கு யாரிடம் எதைச் சொல்வது என்பதில் குழப்பம் வராது.

இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும். பெயர், தெரு அல்லது ஊர், நம்பர், என்ன வாங்கினார், எதற்காக, எப்போது. சாயங்காலம் கடை கட்டும்போது ஐந்து பெயர் எழுதினால் மாதத்துக்கு நூற்றைம்பது. எல்லோரும் நிலைக்க மாட்டார்கள், பாதி உதிர்ந்துவிடும். கணக்காகவே பார்ப்போம். நிலைத்து நிற்கிற முந்நூறு குடும்பம், மாதம் இரண்டு முறை அரைக் கிலோ முறுக்கு என்றால் மாதம் 300 கிலோ. ஒரு சின்னக் கடையின் அடுப்பு அணையாமல் எரிய இது போதும். இதற்காக உலகம் முழுக்க உங்களைப் பார்க்க வேண்டும் என்றில்லை.

நம்பர் வாங்கும்போது எதற்காக என்று சொல்லி வாங்குங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தனிநபர் விவரங்களைச் சம்மதத்தோடு பெற வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பெண்கள் தனியாக வந்து வாங்கும் கடையில் அவர்கள் நம்பரைப் பையன்கள் கண்ணில் படும்படி நோட்டைத் திறந்து போட்டு வைப்பது தவறு. நோட்டு கல்லாவுக்குள், பூட்டோடு இருக்க வேண்டும். பட்டியலைப் பணம் கொடுத்துக் கேட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். கொடுத்தால் அன்றோடு அந்தக் கடையின் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும்.

என் கவலையின் இன்னொரு பக்கம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தென் மாவட்டங்களில் பலகாரத் தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழில். அப்பாவுக்கு எழுநூறு வீடு மனப்பாடம். எந்த வீட்டுக்குக் காரம் குறைக்க வேண்டும், எந்த வீட்டில் சஷ்டியப்தபூர்த்தி வருகிறது, சென்னையில் இருக்கும் எந்த மகனுக்கு ஆடிக்கு ஒரு பார்சல் போக வேண்டும் என்று எதையும் எழுதிப் பார்க்காமல் சொல்வார். அவர் படுத்துவிட்டால் கடைச் சாவியும் கைப்பக்குவமும் மகனுக்கு வரும். அந்த எழுநூறு வீடு வராது. மகன் படித்தவர், பெயர்ப்பலகையை மாற்றுகிறார், பெட்டியைப் புதிதாக வடிவமைக்கிறார், செயலியில் சேர்கிறார், வீடியோக்காரரை அழைக்கிறார். புது ஆட்களைத் தேடி அவர் பணம் செலவழிக்கும் அதே நேரத்தில், அப்பா காலத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. கூப்பிட ஆள் இல்லாததால் போகிறார்கள். நன்றாக ஓடிய கடை அடுத்த தலைமுறையில் தள்ளாடுவதற்கு ருசி மாறிவிட்டது என்று ஊரில் காரணம் சொல்வார்கள். பல கடைகளில் மாறியது ருசி இல்லை.

ஆகவே அப்பா இருக்கும்போதே அவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். தெருத் தெருவாகக் கேட்டால் அவருக்கு நினைவு வரும். ஊர்ப்பெயரைச் சொன்னால் கல்யாண ஆர்டர்கள் வரும். பழைய பில் புத்தகங்கள், சீட்டு அட்டைகள், பார்சல் ரசீதுகள், காலண்டர் கொடுத்த பட்டியல் எல்லாம் கடையின் ஏதாவது ஒரு மூலையில் மூட்டை கட்டிக் கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் பிரித்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ரசீதில் இருக்கிற லேண்ட்லைன் நம்பர் பயன்படாது, ஆனால் பெயரும் தெருவும் இருக்கும். அந்தத் தெருவில் போய் விசாரித்தால் இப்போதைய செல் நம்பர் கிடைக்கும்.

தீபாவளி ஆர்டர் எடுக்கிற கடைகள் இதைப் புரட்டாசிக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அடுப்படியை விட்டு நகர முடியாது. போன வருடம் ஐந்து கிலோவுக்கு மேல் எடுத்தவர்களை மட்டும் முதலில் தனியாக எழுதுங்கள், ஐம்பது அறுபது பெயர் தேறும். அவர்களுக்கு வாட்ஸ்அப் வேண்டாம், நேரே போன் போடுங்கள். "அண்ணாச்சி கடையிலருந்து பேசுறோம், போன வருஷம் லட்டும் காரசேவும் எடுத்தீங்க, இந்த வருஷம் எப்படி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவரிடம் காரணத்தையும் கேட்டு, அதையும் அதே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.